பூவரசமரத்தடியில் இறங்கிய கியர் பாக்ஸ்

காட்டூர் வீட்டுக் கொல்லையில், பூவரசமரத்தின் கீழே, ஒரு பழைய கியர் பாக்ஸ் இன்னும் கிடக்கிறது. மேல் மூடி போய்விட்டது. உள்ளே மழைத்தண்ணீர் நிற்கும், கோழிகள் குடிக்கும். போன மாதம் பழைய இரும்புக்காரர் வந்தபோது, என் தங்கை மகன், “மாமா, இதைப் போட்டுடலாமா?” என்று கேட்டான். அடுத்த தடவை பார்ப்போம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவன் போடத்தான் போகிறான். அதற்கு முன்னால் அந்த இரும்புப் பெட்டி எங்கிருந்து வந்தது, எப்படி எங்கள் கொல்லையில் இறங்கியது என்று எழுதி வைத்துவிடுகிறேன்.

கியர் பாக்ஸ் என்ற சொல்லை நான் முதலில் கேட்டது தமிழிலும் அல்ல, ஆங்கிலத்திலும் அல்ல. புதுச்சேரியில் பிரெஞ்சு வழிப் பள்ளியில் படித்தவன் நான். எங்களுக்கு அது ‘புவாத் து வித்தேஸ்’, அதாவது வேகங்களின் பெட்டி. வகுப்பில் படம் போட்டு விளக்கிய வாத்தியார், இந்தப் பெட்டி பிரெஞ்சுக்காரர்களின் சொத்து என்பதுபோலப் பேசுவார். பிள்ளைகள் நாங்கள் அதை அவருடைய பெருமை என்று எடுத்துக்கொண்டோம். பிற்பாடு படித்துப் பார்த்தபோது, அவர் சொன்னதில் பெரும்பகுதி உண்மைதான் என்று தெரிந்தது.

என்ஜின் முன்னால், நடுவில் கிளச், அதன் பின்னால் நகரும் பற்சக்கரங்கள் கொண்ட பெட்டி, கடைசியில் பின்சக்கரம் என்ற வரிசையை 1890-களின் தொடக்கத்தில் நிலைநிறுத்தியவர்கள் பாரீஸின் பனார், லெவசோர் இருவரும். எமில் லெவசோர் தன் கியர் பெட்டியைப் பற்றி, ‘முரட்டுத்தனமானதுதான், ஆனால் வேலை செய்கிறது’ என்று சொன்னதாகச் சொல்வார்கள். சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு பற்சக்கரத்தை, வேறு வேகத்தில் சுற்றும் இன்னொன்றின்மேல் தள்ளிச் சேர்ப்பது முரட்டு வேலை அல்லாமல் வேறென்ன? அதே மனிதர் 1895-ல் பாரீஸிலிருந்து போர்தோ போய்த் திரும்பும் பந்தயத்தில் ஏறக்குறைய 48 மணி நேரம் தானே வண்டியோட்டி முதலாவதாக வந்து சேர்ந்தார். 1898 கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு, லூயி ரெனோ என்ற இளைஞர் தான் கட்டிய சின்ன வண்டியை மோன்மார்த்ர் குன்றின் செங்குத்தான தெருவில் ஏற்றிக் காட்டினார். மேல் கியரில் பற்சக்கரங்களின் குறுக்கீடே இல்லாமல் என்ஜின் சுற்றுவது நேராகப் பின்னால் போகும்படி செய்திருந்தார். நாம் இன்று ‘டாப் கியர்’ என்பது அதைத்தான்.

பற்கள் கறகறவென்று கத்தாமல் சேருவதற்கு அமெரிக்கர்கள் வரவேண்டியிருந்தது. 1928-ல் காடிலாக் வண்டியில் வந்த ‘சின்க்ரோமெஷ்’ இரண்டு சக்கரங்களின் வேகத்தையும் முதலில் சமப்படுத்தி, பிறகு சேர்த்தது. அது இல்லாத கியருக்கு ‘டபுள் கிளச்’ போடவேண்டும். ஒருமுறை மிதித்து நியூட்ரல், விட்டு ஆக்சிலேட்டர் ஒரு தட்டு, மறுபடி மிதித்துக் கியர். பழைய டிரைவர்களின் இடது காலைப் பார்த்தாலே இது தெரியும்.

இப்போது ஜீப்புக்கு வருகிறேன். 1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் நான்கு சக்கரமும் இழுக்கும் சிறு வண்டி ஒன்று வேண்டுமென்று 135 கம்பெனிகளுக்கு எழுதியது. மாதிரி வண்டிக்குக் கொடுத்த கெடு 49 நாள். அரசாங்க அலுவலகத்தில் 49 நாளில் ஒரு நாற்காலி வாங்க முடியாது என்பதை அனுபவித்தவன் என்ற முறையில், இந்தக் கெடுவை நினைத்து நான் பலமுறை வியந்ததுண்டு. பான்டம் என்ற சின்னக் கம்பெனி செப்டம்பர் 23-ல் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. ஆனால் மொத்தமாகச் செய்துதர அதற்குச் சக்தி போதாது என்று வேலை வில்லிஸுக்கும் போர்டுக்கும் போனது. இங்கேதான் என் கதைக்கு வேண்டிய விஷயம் இருக்கிறது. போர்டு கம்பெனி தன் சொந்த வடிவத்தை விட்டுவிட்டு, வில்லிஸின் வரைபடத்தின்படியே செய்ய ஒப்புக்கொண்டது. இரண்டு தொழிற்சாலைகளில் செய்த வண்டிகளின் உறுப்புகள் ஒன்றுக்கொன்று பொருந்தவேண்டும் என்பது நிபந்தனை.

போர்க்களத்தில் ஒரு ஜீப்பின் கியர் பாக்ஸ் போனால், அதை அங்கேயே பிரித்துப் பல்லைச் சீர்செய்ய நேரம் ஏது? குண்டு விழுந்து கிடக்கும் இன்னொரு ஜீப்பிலிருந்து முழுப் பெட்டியையும் கழற்றி இதில் மாட்டு, அவ்வளவுதான். குழியோ, கிரேனோ இல்லாமல், சாதாரணக் கையும் நாலு ஸ்பேனரும் இருந்தால் இறக்கி ஏற்ற முடிகிற மாதிரியே அந்த வண்டி அமைந்துவிட்டது. இப்படி ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகள் செய்யப்பட்டன. யுத்தம் முடிந்ததும் நம் நாட்டில் தங்கிப்போனவை ‘டிஸ்போசல்’ ஏலத்தில் விற்கப்பட்டன.

1945-ல் மகேந்திரா சகோதரர்கள் இருவரும் குலாம் முகமதுவும் சேர்ந்து ‘மகேந்திரா அண்ட் முகமது’ என்று ஓர் உருக்கு வியாபாரக் கம்பெனி ஆரம்பித்தார்கள். பிரிவினைக்குப்பின் குலாம் முகமது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகப் போய்விட்டார். 1948-ல் பெயர் ‘மகேந்திரா அண்ட் மகேந்திரா’ ஆயிற்று. வில்லிஸ் ஜீப்பைப் பாகங்களாக இறக்குமதி செய்து பம்பாயில் பூட்டத் தொடங்கினார்கள். பிறகு இங்கேயே உறுப்புகளைச் செய்தார்கள். வில்லிஸ் சிஜே-3பி என்ற உயரமான பானெட் வைத்த மாதிரியை அமெரிக்காவில் 1968-லேயே நிறுத்திவிட்டார்கள். அதன்பின்னும் இங்கே அதே முகத்தோடு வந்துகொண்டிருந்தது.

அதே காலத்தில் நடந்த மற்றொரு ஜீப் கதையும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். லண்டனில் தூதராக இருந்த கிருஷ்ண மேனன், ராணுவத்துக்காகப் பழுதுபார்த்த பழைய ஜீப்புகளை வாங்க 1948-ல் ஒப்பந்தம் செய்தார். 2,000 வண்டிக்குப் பேசி, வந்தவை 155. அவையும் உதவாது என்று ராணுவம் சொல்லிவிட்டது. 1955-ல் அரசாங்கம் அந்த விவகாரத்தை முடித்துவைத்தது. சுதந்திர இந்தியாவின் முதல் ஊழல் புகார் என்று அதைச் சொல்வார்கள். அதிலும் ஜீப்தான் சம்பந்தப்பட்டிருந்தது என்பதால் இங்கே குறிப்பிட்டேன்.

1952 அக்டோபர் 2-ல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபின், பட்டிக்காட்டுக்கு அரசாங்கம் வருகிறது என்றால் ஜீப்பில் வருகிறது என்று அர்த்தமாகிவிட்டது. ‘பி.டி.ஓ. ஜீப்’ என்ற சொல்லைக் கேட்டாலே அந்தக் காலத்துப் புழுதி மூக்கில் ஏறும். நான் வேலை பார்த்த அலுவலகத்திலும் ஒன்று இருந்தது. அதன் லாக் புக்கைச் சரிபார்ப்பது என் வேலைகளில் ஒன்று. 1984 நவம்பர் 14-ல் ஸ்ரீஹரிக்கோட்டா பக்கம் புயல் கரையைக் கடந்தபோது, ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து வயதானவர்களையும் பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிவர அந்த ஜீப்தான் போனது. ரோடு எது, ஏரி எது என்று தெரியாத தண்ணீரில், டிரைவர் லோ கியரில் போட்டு, வண்டியை நடக்கிற வேகத்தில் ஓட்டினார். கணக்கு எழுதுகிறவனுக்கு எண்ணைச் சொல்லாமல் இருக்க முடியாது. அந்த வில்லிஸ் அமைப்பில் முதல் கியர் ஏறக்குறைய 2.8, டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ 2.46, அச்சில் 5.38. மூன்றையும் பெருக்கினால் 37 வரும். என்ஜின் 37 சுற்றுச் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று. அன்றிரவு அந்த 37 இல்லையென்றால் பலர் ஈரத் தரையிலேயே கிடந்திருப்பார்கள்.

என் தங்கை வீட்டுக்காரர் 1989-ல் அரசு ஏலத்தில் இப்படியொரு கழித்த ஜீப்பை எடுத்தார். காட்டூர் என் அம்மா வழி ஊர். தங்கையை அங்கேயே கொடுத்திருந்தோம். மாப்பிள்ளைக்குப் பழவேற்காடு ஏரியில் பிடிக்கிற இறாலும் நண்டும் மடவையும் வாங்கிப் பொன்னேரிக்குக் கொண்டுபோகும் வியாபாரம். கோடையில் ஏரித்தண்ணீர் வற்றிச் சேறும் மணலுமாக இருக்கும்போது, கரை ஓரம்வரை போய்ப் பெட்டி ஏற்ற அந்த ஒரு வண்டிதான் போகும். பெட்ரோல் குடிப்பதைப் பற்றித் தங்கை தினமும் பேசுவாள். ஆனாலும் வண்டி சோறு போட்டது.

உப்புத்தண்ணீர் இரும்பை விடுமா? 1993 சித்திரையில் இரண்டாம் கியர் தானாகவே நழுவ ஆரம்பித்தது. மாப்பிள்ளை ஒரு கையால் ஸ்டியரிங், மறு கையால் கியர் கம்பியை இழுத்துப் பிடித்தபடி ஓட்டினார். ஒருநாள் மணல்மேட்டில் ‘கடக்’ என்று சத்தம். அடியில் திருகாணியைக் கழற்றினால், எண்ணெய் வரவேண்டிய இடத்தில் மோர் போல வெளுத்த குழம்பு வந்தது. அதற்குள் தண்ணீர் போய்ப் பல மாதம் ஆகியிருக்கவேண்டும். குழம்போடு இரண்டு பல் துண்டுகளும் வந்தன.

டவுனில் ஒரு பட்டறையில் காட்டினோம். வண்டியை விட்டுப் போங்கள், மூன்று வாரம் ஆகும், 9,000 ரூபாய் ஆகும் என்றார்கள். மூன்று வாரம் என்பதுதான் இடித்தது. ஜீப் ஓடாத நாளில் மாப்பிள்ளை வாங்கும் இறாலைக் கரைக்கே வேன் கொண்டுவரும் பெரிய வியாபாரியிடம் அவர் சொன்ன விலைக்குக் கொடுக்கவேண்டும். அந்த வியாபாரியிடம் ஏற்கெனவே முன்பணம் வாங்கியிருந்த சேதி அன்றுதான் தங்கை வாயிலிருந்து எனக்குத் தெரிந்தது. “அண்ணே, இந்த மாசம் வண்டி நின்னா, அடுத்த மாசம் வண்டியே அவருக்குப் போயிடும்,” என்றாள்.

பழவேற்காட்டிலிருந்து ஒரு பாய் வந்து பார்த்தார். படகு என்ஜினும் ஜீப்பும் இரண்டும் அவருக்கு அத்துப்படி. “சார், இதைப் பிரிச்சு ரிப்பேர் பண்றது வீண். புதுப்பேட்டை போயி முழுப் பாக்ஸா வாங்கியாங்க. ரெண்டு நாள்ல இங்கயே மாட்டிடலாம்,” என்றார். “இங்கேயா? குழி இல்லையே, பாய்?” என்றேன். “ஜீப்புக்கு எதுக்கு சார் குழி?” என்று சிரித்தார்.

சென்னைப் புதுப்பேட்டைக்கு நானும் மாப்பிள்ளையும் போனோம். பழைய ஜீப் எலும்புக்கூடுகள் சந்து சந்தாகக் குவிந்திருந்தன. வார்ப்பில் ‘டி-90’ என்ற அடையாளம் இருக்கிற மூன்று வேகப் பெட்டி வேண்டுமென்று பாய் சொல்லி அனுப்பியிருந்தார். யுத்த கால ஜீப்பின் பெட்டி டி-84. யுத்தத்துக்குப்பின் வந்த பலமான தம்பி இந்த டி-90. பழைய பெட்டியின் முன்தண்டு எவ்வளவு நீளம் என்று நூலால் அளந்து, அந்த நூலை என் சட்டைப் பையில் வைத்திருந்தேன். வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும் தண்டின் நீளத்தில் வித்தியாசம் உண்டு. முதல் இரண்டு பெட்டி நூலுக்கு ஒத்துவரவில்லை. மூன்றாவது ஒத்துவந்தது. மேல் மூடியைத் திறக்கச் சொல்லி, ஒவ்வொரு பல்லையும் விரலால் தடவிப் பார்த்தோம். 2,800 ரூபாய். எந்த வண்டியிலிருந்து வந்தது, ராணுவமா, அரசாங்கமா, கடைக்காரருக்கே தெரியவில்லை. கேட்டதற்கு, “எதுல இருந்தா என்ன சார், இதுல போய் உக்காரும்,” என்றார். 1941-ல் வில்லிஸும் போர்டும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் சாரத்தையே அந்த மனிதர் சொல்லிவிட்டார் என்று இப்போது தோன்றுகிறது.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பூவரசமரத்தடியில் வேலை தொடங்கியது. எண்ணெயை வடித்தோம். முன்பக்கமும் பின்பக்கமும் போகிற தண்டுகளைக் கழற்றினோம். உள்ளே தரைத்தகட்டை எடுத்ததும், பெட்டி மேலிருந்து பார்க்கிற மாதிரி திறந்துகொண்டது. கியர் கம்பியும் ஃபோர் வீல் கம்பிகள் இரண்டும் வெளியே வந்தன.

இங்கேதான் நாங்கள் ஒரு தப்புச் செய்தோம். இந்தப் பழைய ஜீப்பில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால், தண்டு கிளம்புகிற இடத்தில் இருக்கிறது. பின்தண்டைக் கழற்றினால் பிரேக் எதையும் பிடிக்காது. கியரில் போட்டு வைத்ததும் செல்லாது. மாப்பிள்ளை அடியில் படுத்து போல்ட்டைத் திருகிக்கொண்டிருக்க, வண்டி ஓசையில்லாமல் ஒரு சாண் பின்னால் உருண்டது. கொல்லை ஏரிப்பக்கம் சற்றே சரிவு. நான் வண்டியின் பின்னால் போய் முதுகைக் கொடுத்து நின்றேன். குமாஸ்தா முதுகு எத்தனை நொடி தாங்கும்? தங்கைதான் அடுப்படியிலிருந்து அம்மிக்கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து சக்கரத்துக்குப் பின்னால் போட்டாள். சாதாரண நாளில் அந்தக் கல்லை நகர்த்த இரண்டு பேர் வேண்டும். மாப்பிள்ளை வெளியே வந்து, “என்ன மச்சான், யாரு தள்ளினது?” என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. பாய் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அதன்பின் நாலு சக்கரத்துக்கும் கல் வைத்துவிட்டுத்தான் மேலே வேலை நடந்தது. வீட்டில் யாராவது இந்த வேலை செய்வதாக இருந்தால் இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

என்ஜின் பின்பக்கம் தொங்காமல் இருக்க அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கி கொடுத்தோம். ஜாக்கி மணலில் இறங்காமல் இருக்க ஒரு பழைய படகுப் பலகை. பிறகு கிராஸ் மெம்பர் என்கிற குறுக்குச் சட்டத்தைக் கழற்றி, பெட்டியைக் கிளச் கூட்டோடு பிணைத்திருக்கும் நாலு போல்ட்டையும் எடுத்தோம். கியர் பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் சேர்ந்து ஒரே பாரம். அதை மார்பில் தாங்கி இறக்கியவர்கள் விலா உடைந்த கதைகளைப் பாய் சொன்னார். ஆகவே வண்டிக்குக் குறுக்கே சவுக்குக் கட்டை ஒன்றைப் போட்டு, படகுக் கயிற்றைத் தரைத்துளை வழியே விட்டுக் கட்டினோம். முடிச்சுப் போட்டது பக்கத்து வீட்டு மீனவர்கள் இருவர். அவர்கள் போட்ட முடிச்சு இழுத்தால் இறுகும், தளர்த்தினால் அங்குலம் அங்குலமாக விடும். பெட்டியை நேராகப் பின்னால் இழுத்து, முன்தண்டு கிளச் பிளேட்டை விட்டு வெளியே வந்ததும், கயிற்றைத் தளர்த்தி, சாக்கின்மேல் இறக்கினார்கள். வலை இறக்குகிற மாதிரியே இருந்தது.

டிரான்ஸ்ஃபர் கேஸைக் கழற்றிப் புதுப்பெட்டியின் பின்னால் பூட்டுவதற்குள் இருட்டிவிட்டது. நான் திருகாணிகளை இடம்வாரியாகப் பிரித்து, தங்கையின் எவர்சில்வர் தட்டுகளில் போட்டு, ஒவ்வொன்றிலும் சீட்டு எழுதி வைத்தேன். பாய் அதைப் பார்த்து, “கவர்மெண்ட் ஆபீஸ் மாதிரியே இருக்கு சார்,” என்றார். ஆனால் மறுநாள் ஒரு திருகாணிகூட மிச்சமாகவில்லை, குறையவும் இல்லை.

ஏற்றுவதுதான் கஷ்டம். முன்தண்டின் பள்ளங்கள் கிளச் பிளேட்டின் பள்ளங்களோடு பொருந்தி, தண்டின் நுனி ஃப்ளைவீல் நடுவே இருக்கிற சின்ன புஷ்ஷுக்குள் போய் உட்காரவேண்டும். பெட்டியின் பாரத்தைப் பாதி நுழைந்த நிலையில் தண்டில் தொங்கவிட்டால் பிளேட் வளைந்துவிடும். கயிற்றுக்காரர்கள் பிடித்தே நிற்க, பாய் பின்பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப, மாப்பிள்ளை அடியிலிருந்து ‘இன்னும், இன்னும்’ என்று சொல்ல, முக்கால் மணி நேரம் ஆயிற்று. போகவில்லை. இறக்கிவிட்டு டீ குடித்தோம். மறுபடி ஏற்றினோம். அந்தத் தடவை ‘சுளுக்’ என்று உள்ளே போனது. கையால் தள்ளியே பெட்டி சுவரோடு சேர்ந்தது. போல்ட்டை முறுக்கி இழுத்துச் சேர்த்தால் காது உடையும், கையால் சேரவில்லையென்றால் எங்கோ தப்பு என்று அர்த்தம் என்பது பாயின் சட்டம்.

தொண்ணூறாம் நம்பர் எண்ணெய் ஊற்றி, சாயந்திரம் நாலரை மணிக்கு ஸ்டார்ட் செய்தோம். முதல் கியருக்குச் சின்க்ரோமெஷ் இல்லை. ஆகவே ஒரு சின்ன உறுமல். லெவசோர் கேட்டிருந்தால் அடையாளம் கண்டிருப்பார். இரண்டாம் கியர் போட்டு மாப்பிள்ளை கையை எடுத்தார். நழுவவில்லை. ஏரிக்கரை வரை போய், கையை எடுத்தபடியே திரும்பி வந்தார். பாய் கூலியாகக் கேட்டது 400 ரூபாய், கூடவே ஒரு கூடை நண்டு.

வியாபாரியின் முன்பணம் அந்த ஆடிக்குள் அடைந்தது. ஜீப் அதன்பின் 11 வருஷம் ஓடியது. 2004-ல் வண்டியின் அடிச்சட்டமே உப்பில் அரித்துப்போய், அதே புதுப்பேட்டைக்கு விற்றார் மாப்பிள்ளை. கியர் பாக்ஸ் நல்ல நிலையில்தான் இருந்தது, அதை மட்டும் யாரோ வாங்கிப் போயிருப்பார்கள். இன்று எந்த மலைக்காட்டு ஜீப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறதோ. மாப்பிள்ளை போய் ஒன்பது வருஷம் ஆகிறது. பாயும் இல்லை. 2023 ஏப்ரல் முதல் 15 வருஷம் தாண்டிய அரசு வண்டிகளின் பதிவு ரத்து என்று மத்திய அரசு ஆணை போட்டது. ஆகவே இனி எந்தக் குமாஸ்தாவும் பழைய ஜீப்புக்கு லாக் புக் எழுதப் போவதில்லை. இப்போதைய வண்டிகளில் கியர் பாக்ஸ் இறக்க லிஃப்டும் கம்ப்யூட்டரும் வேண்டுமாம். தங்கை மகன் சொன்னான்.

கொல்லையில் இருப்பது அந்த உடைந்த பழைய பெட்டிதான். நேற்று அவனைக் கூப்பிட்டு, கூட்டைப் போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டேன். கோழிக்கு மண்தொட்டி ஒன்று வாங்கியாகிவிட்டது. பல் உடைந்த இரண்டாம் கியர் சக்கரத்தை மட்டும் மண்ணெண்ணெயில் கழுவி மேசைமேல் வைத்திருக்கிறேன். மின்விசிறிக் காற்றில் இந்தத் தாள்கள் பறக்காமல் இருக்க, இதை எழுதும்போதும் அதுதான் மேலே இருக்கிறது.